இருபத்தேழாம் எண் லிஃப்ட்

நான்காவது மாடி வந்ததும் குண்டூசி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"லிஃப்டுல ஏறப் பயந்து படியில வந்தேன். இப்ப படியைப் பார்த்தாலும் பயமா இருக்கு சார். அடுத்த கேஸாவது தரைத்தளத்துல நடந்த குற்றமா பார்த்து எடுங்க."

சர்வேயர் அதைக் காதில் வாங்கவில்லை. கட்டட அலுவலகத்து மேசையில் கிடந்த லிஃப்ட் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த கிடங்குகளையும் கவிழ்ந்த லாரிகளையும் அளந்து பார்த்தவர். வேலையை விட்ட பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. இப்போது இரண்டு அறை வாடகைக்குப் பிடித்து, போலீஸுக்குப் போக முடியாதவர்களுக்காகத் துப்பறிகிறார். குண்டூசி அவருடைய உதவியாளர். தொலைபேசி நிலையத்தில் இருபது வருடம் இணைப்புக் கொடுத்தவள். அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான்தான் என்று சொல்லிக்கொள்வாள். உருவம் சிறியது, குத்தினால் ரத்தம் வரும். அதனால் அந்தப் பெயர்.

சர்வேயர் ஒரு வரியில் விரலை வைத்தார். போன புதன்கிழமை, காலை ஒன்பது முதல் பதினொன்று வரை லிஃப்ட் நிறுத்தம், பராமரிப்பு என்று எழுதியிருந்தது.

"இதோட அஞ்சு" என்றார். "நாலு, பதினொண்ணு, பதினெட்டு, நாற்பத்திரெண்டு, அம்பத்திமூணு. அஞ்சும் ஒரே நாள்."

"அப்ப ஆறாவதும் அதே நாள்தான். போய்ப் பார்க்கணுமா? ஃபோன்ல கேட்டா ஆகாதா?"

"ஃபோன்ல கேட்டா பதில்தான் கிடைக்கும். நேர்ல போனாதான் மத்தது கிடைக்கும்."

குண்டூசி பெருமூச்சுடன் படியைப் பார்த்தாள்.

வழக்கு வந்தது முந்தின நாள் காலை. வந்து உட்கார்ந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அறுபது லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் பரிசோதகி. மாதம் ஒருமுறை ஒவ்வொரு லிஃப்டையும் ஓட்டி, நிறுத்தி, திறந்து பார்த்து, பாதுகாப்பானது என்ற தாளில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் நிறுவனம் லைனிங்கை மாற்றியது. பிரேக் கவ்விப் பிடிக்கும்போது சக்கரத்தில் அழுந்தி உட்காரும் பட்டைக்குத்தான் லைனிங் என்று பெயர். புதிதாக வந்தது மட்டமான சரக்கு. சூடேறினால் வழுக்கும். ஒரு லிஃப்டில் அதைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட மறுத்தாள். மேலாளர் அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். அவரும் அவளுடைய சபையைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முன்வரிசையில் உட்காருகிறவர்.

"ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறவரும்மா, கையெழுத்தை இல்ல" என்று சொன்னாராம்.

அந்த ஒரு லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, ஏதோ ஒரு துண்டு கெட்டுப்போனது, அவ்வளவுதான் என்று பேச்சை முடித்தார். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று வாரம், யாரிடமும் சொல்லாமல், சுற்றுக்குப் போன இடத்தில் எல்லாம் பிரேக்கைத் திறந்து பார்த்தாள். ஆறு லிஃப்டுகளில் அதே மட்டமான லைனிங். எண்களைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை அரசாங்க ஆய்வாளரிடம் புகார் கொடுத்தாள். அவர் வியாழக்கிழமை வந்தார். ஆறில் மூன்றைத் திறந்தார். மூன்றிலும் புத்தம்புது லைனிங், முதல்தரம். மீதி மூன்றையும் பார்க்க வேண்டுமா என்று மேலாளர் பணிவாகக் கேட்டபோது, வேண்டாம் என்று கோபத்தோடு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பொய்ப் புகார், நிறுவனத்துக்கு அவதூறு. வரும் புதன்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. அதில் தோற்றால் பரிசோதகர் உரிமம் போய்விடும். அப்புறம் எந்த ஊரிலும் ஒரு லிஃப்டின் கதவைக்கூட அவளைத் தொட விடமாட்டார்கள்.

அந்த ஆறு எண்கள் யாருக்குத் தெரியும் என்று சர்வேயர் கேட்டார். ஒரே ஒருத்தருக்கு என்றாள். ஸ்டோர் அக்கா. உதிரி பாகக் கிடங்கின் பொறுப்பாளர். பதினொரு வருடமாக மதிய இடைவேளையில் இருவரும் அலமாரிகளுக்குப் பின்னால் முழங்காலிட்டு ஜெபம் செய்கிறவர்கள். புகார் கொடுப்பதற்கு முந்தின நாள் அந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபத்தில் வைத்தார்கள்.

"லைனிங் அவங்க கையாலதான் வெளியே போகணும்" என்று அவள் சொன்னாள். "ஆறு செட் போயிருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் முகத்துக்கு நேரா கேட்டுட்டேன்."

"வேற யாருக்கும் தெரியாதா? வீட்டுல?"

"வீட்டுல என் வீட்டுக்காரர்தான். அவர் வேற ஆளா சார்?"

அவள் கேட்ட விதத்தில் கேள்வியே இல்லை. சர்வேயரும் மேலே கேட்கவில்லை.

ஆறாவது லிஃப்ட், எண் முப்பத்தேழு, ஊரின் மறுகோடியில் இயன்முறை மருத்துவமனை ஒன்றில் இருந்தது. தரைத்தளத்தில் பதிவு செய்கிற இடம், மூன்றாவது மாடியில் சிகிச்சை. நடக்க முடியாதவர்கள் நடக்கப் பழகும் இடத்துக்கு லிஃப்டை விட்டால் வழியில்லை.

சர்வேயர் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். போன புதன்கிழமைப் பக்கம் வெறுமையாக இருந்தது. வியாழனும் வெறுமை. முன்னும் பின்னும் இரண்டு வாரம் பார்த்தார். ஒரு மெக்கானிக்கும் வரவில்லை.

குண்டூசி இதற்குள் வரிசையில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"மேல போய் நின்னு பார்த்தேன். கதவு திறக்கும்போது லிஃப்ட் மூணு விரற்கடை கீழ நிக்குது. சக்கர நாற்காலி ஏற மாட்டேங்குது, பின்னாடி இருந்து ரெண்டு பேர் தூக்கித் தள்றாங்க. ஒரு வாரமா இப்படித்தானாம். ஆறுல அஞ்சை மாத்திட்டு இதை மட்டும் மறந்துட்டாங்களா சார்?"

"மறக்கற ஆளுங்க அஞ்சை ஒரே நாள்ல முடிக்க மாட்டாங்க."

சர்வேயர் பரிசோதகிக்கு ஃபோன் செய்தார். முப்பத்தேழை யாரும் தொடவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் மறுமுனை துண்டிக்கப்பட்டது. இருபது நிமிடத்தில் அவள் வந்துவிட்டாள். வீட்டு உடையிலேயே, தலைகூடச் சரியாக வாராமல், ஒரு டார்ச்சும் திருப்புளியும் மட்டும் கையில். யாரையும் பார்க்காமல் படியேறி மொட்டை மாடியில் இருந்த இயந்திர அறைக்குப் போனாள். காவலாளி பின்னாலேயே ஓடினார். நிறுவனத்தில் இருந்து அவள் பெயரைச் சொல்லி எச்சரித்திருக்கிறார்களாம். அவளை உள்ளே விட்டால் தன் வேலை போய்விடும் என்றார்.

அவள் நின்று, அவரிடம் தணிந்த குரலில் பேசினாள். தனக்கு இப்போது எந்த அதிகாரமும் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். விடாவிட்டால் புகார் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள். பிறகு டார்ச்சை அவர் கையில் கொடுத்து, பிரேக்குக்கு அடியில் தரையைப் பார்க்கச் சொன்னாள். சிமெண்டுத் தரையில் கறுப்புத் துகள் ஒரு கைப்பிடி அளவுக்குக் குவிந்திருந்தது. லைனிங் அரைபட்டு உதிர்ந்த பொடி.

"இந்தப் பொடி எல்லாம் பிரேக்குல இருக்கவேண்டியதுங்க அண்ணே. கீழ சக்கர நாற்காலியில எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க?"

காவலாளி பொடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒதுங்கிக்கொண்டார்.

அவள் பிரதான சுவிட்சை இறக்கினாள். எங்கோ மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று குண்டூசி கேட்கும் முன்பே, அது காலியாகத் தரைத்தளத்தில் நிற்பதை உறுதிசெய்துவிட்டுத்தான் கைவைத்தேன் என்றாள். ஒரு அட்டையில் "ஆபத்து, இயக்க வேண்டாம்" என்று எழுதி, கீழே தன் முழுப்பெயரையும் உரிம எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

பெயரைப் போடவேண்டாம், நாளைக்கு இதையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள் என்று சர்வேயர் எச்சரித்தார்.

"பெயர் இல்லாத அட்டையைச் சாயங்காலமே யாராவது கழட்டிப் போட்டுடுவாங்க சார்" என்று சொல்லி, அவள் அட்டையைச் சுவிட்சில் கட்டினாள். முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். கட்டி முடித்து, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னாள். குண்டூசி எந்த மதத்துக்கும் கட்டுப்படாதவள். ஆனாலும் அதுவரை வாயைத் திறக்காமல் நின்றாள்.

அங்கிருந்தே சர்வேயர் அரசாங்க ஆய்வாளருக்கு ஃபோன் செய்தார். அவர் முதலில் எரிந்து விழுந்தார். ஒரு முறை ஏமாந்தது போதும் என்றார். தரையில் கிடக்கும் பொடியை மட்டும் வந்து பாருங்கள், புகாரைப் பற்றி நான் பேசவே மாட்டேன் என்றார் சர்வேயர். சாயங்காலம் வருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

மதியம் மூவரும் நிறுவனத்தின் உதிரி பாகக் கிடங்குக்குப் போனார்கள். அது பிரதான அலுவலகத்துக்குப் பின்தெருவில் தனியாக இருந்தது. பரிசோதகி உள்ளே வர மாட்டேன் என்றாள். அவங்க முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை என்றாள். சர்வேயர் வற்புறுத்தி அழைத்துப்போனார். சந்தேகத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் அது பெரிதாகத்தான் தெரியும் என்பது அவர் வாதம்.

ஸ்டோர் அக்காவுக்கு ஐம்பது வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போல்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பரிசோதகியைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு மறுபடி பிரிக்கத் தொடங்கினார்.

சர்வேயர் சுற்றி வளைக்கவில்லை. போன புதன்கிழமை லைனிங் வெளியே போனது உண்மையா என்று கேட்டார்.

"போச்சு. ஆறு செட். நான்தான் குடுத்தேன்."

"பார்த்தீங்களா சார்?" என்றாள் பரிசோதகி.

குண்டூசி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சர்வேயர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. சீட்டு இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட அந்த அம்மா வெளியே விடுவதில்லை. இழுப்பறையில் இருந்து எடுத்து, சர்வேயரிடம் நீட்டினார். மேலாளரின் கையெழுத்து, அதன் கீழ் அக்காவின் கையெழுத்து, ஆறு லிஃப்ட் எண்கள். குற்றவாளியைத் தேடி வந்த இடத்தில் குற்றவாளியே சாட்சியத்தைத் தூக்கிக் கொடுத்தது போல இருந்தது.

"ஏன்கா என்கிட்ட சொல்லல?" பரிசோதகியின் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சுதாரிச்சிருப்பேன்ல?"

அக்கா அவளைப் பார்க்காமல் போல்டுகளிடம் பேசுவது போலப் பேசினார்.

"திங்கக்கிழமை ஜெபம் பண்ணோம். புதன்கிழமை புது லைனிங் கேட்டு சீட்டு வந்துச்சு. மேலாளர் மனசு மாறிடுச்சு, ஜெபத்துக்குப் பதில் வந்துடுச்சுன்னு நான் அழுதுட்டேன். நீ புதனும் வியாழனும் வெளி வேலைக்குப் போயிட்ட. இதை நேர்ல சொல்லி உன் முகத்தைப் பார்க்கணும்னு வெள்ளிக்கிழமை சிரிச்சுக்கிட்டே வந்தேன். நீ எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்ட."

அக்கா ஒரு போல்டை எடுத்துத் தவறான டப்பாவில் போட்டார்.

"பதினோரு வருஷம் ஒண்ணா முழங்கால் போட்டிருக்கோம். தனியா கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சர்வேயர் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு, பதினொன்று, பதினெட்டு, இருபத்தேழு, நாற்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று.

"இதுல முப்பத்தேழு எங்கே?" என்று கேட்டார்.

அக்கா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். முப்பத்தேழு இல்லை, இருபத்தேழுதான் என்றார். தனக்கும் அப்போதே குழப்பம் வந்ததாம். நிறுவனம் மட்டமான லைனிங்குக்கு மாறும் முன்பே இருபத்தேழுக்குப் பழைய நல்ல சரக்கு போட்டிருந்தார்கள். அது எதற்கு மறுபடி என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறார்.

"பட்டியல்ல இருக்கு, குடுங்கன்னு சொன்னார். கையில டைப் அடிச்ச தாள் வெச்சிருந்தார். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொண்ணா படிச்சார்."

"ஜெபத்துல வாசிச்சது எந்த எண்?"

"முப்பத்தேழு" என்றார் அக்கா உடனே. "இயன்முறை ஆஸ்பத்திரி லிஃப்ட். என் நாத்தனார் அங்கதான் போறாங்க. அதனால அந்த எண்ணுக்குத் தனியா ஒரு தரம் ஜெபம் பண்ணேன். மறக்குமா?"

சர்வேயர் சீட்டை மேசையில் வைத்தார்.

"காதால கேட்டவங்க முப்பத்தேழை இருபத்தேழுன்னு மாத்திச் சொல்ல மாட்டாங்க. ரெண்டுக்கும் சத்தமே வேற. குழம்பினது காது இல்ல, விரல். கீபோர்டுல ரெண்டும் மூணும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. இந்தத் தப்பு டைப் அடிக்கும்போது வந்தது. மேலாளர் கையில இருந்தது அந்தத் தப்புத் தாள். இப்ப சொல்லுங்கம்மா, உங்க புகாரை டைப் அடிச்சது யாரு?"

பரிசோதகி பக்கத்தில் இருந்த மரப்பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சபை முடிஞ்சு வந்து வீட்டுக்காரர்தான் அடிச்சார்" என்றாள். "ரெண்டு விரலாலதான் அடிப்பார். முதல் தாளை நான் நோட்டோட ஒப்பிட்டுப் பார்த்தப்போ முப்பத்தேழு இருபத்தேழா இருந்துச்சு. திருத்தச் சொல்லி வேற தாள் எடுத்தோம். அந்தப் பழைய தாளை அவர்தான் வாங்கிக்கிட்டார். கிழிச்சுப் போட்டுடறேன்னு சொன்னார்."

இருபத்தேழு என்ற எண் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அந்த ஒரு தாளில் மட்டும்தான் இருந்தது. வேறு எந்தக் கண்ணும் அதைப் பார்க்கவில்லை.

ஸ்டோர் அக்கா போல்டுகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். பரிசோதகி அவர் கையைப் பிடித்து முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். மன்னிச்சிடுங்கக்கா என்று சொன்னது முனகலாகத்தான் கேட்டது. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும், நீங்கள் யூகித்திருந்தீர்களா என்று குண்டூசி கேட்டாள். தப்பாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன் என்றார் சர்வேயர். அவள் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

கணவர் ஒரு பள்ளியில் இசை ஆசிரியர். சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவரும் அவர்தான். அவர்கள் போனபோது இசை அறையில் யாரும் இல்லை. அவர் நாற்காலிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த, மென்மையான மனிதர். மனைவியைப் பார்த்ததும் சிரித்தார். பின்னால் சர்வேயரைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

சர்வேயரும் குண்டூசியும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

"அந்த இருபத்தேழு தாள் எங்கங்க?" என்று அவள் கேட்டாள்.

அவர் மறுக்கவில்லை. கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தார். திங்கட்கிழமை பாடல் பயிற்சி முடிந்து மேலாளரைத் தனியாகச் சந்தித்து அந்தத் தாளைக் கொடுத்ததாகச் சொன்னார். விஷயம் அரசாங்கத்துக்குப் போனால் அவளுக்கு வேலை போகும், சபைக்குள்ளேயே இரண்டு பக்கம் பிரியும். அதற்குப் பதில் நாமே சுமுகமாக முடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஆறையும் புதன்கிழமைக்குள் மாற்றிவிடுகிறேன், அவளுக்கு ஒரு தொந்தரவும் வராது என்று மேலாளர் ஜெபம் செய்து வாக்குக் கொடுத்தாராம்.

"நான் உன்னைக் காட்டிக்கொடுக்கல. பிரேக்கை மாத்தணும், அவ்வளவுதானே நீ கேட்ட? மாத்திட்டா யாருக்கும் ஆபத்து இல்லன்னு நெனச்சேன்."

"முப்பத்தேழை மாத்தல. இன்னைக்குக் காலைல வரைக்கும் அதுல ஆள் போய்க்கிட்டு இருந்தாங்க. என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"அதனால கேக்கல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை.

"வெள்ளிக்கிழமை சஸ்பெண்ட் ஆகி வந்து நான் கட்டில் பக்கத்துல முழங்கால் போட்டு அழுதேன். நீங்க என் தோள்ல கை வெச்சிருந்தீங்க. ஆண்டவரே, என்னைக் காட்டிக்கொடுத்தது யாருன்னு காட்டுன்னு நான் கேட்டேன். நீங்க ஆமென் சொன்னீங்க."

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஸ்டோர் அக்காவா இருக்குமோன்னு நான் கேட்டப்போ, இருக்கலாம்னும் சொன்னீங்க" என்றாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. வந்து நடந்ததைச் சொல்லுங்க."

ஒரே சபையில் இருந்துகொண்டு மேலாளருக்கு எதிராக எப்படி நிற்பது என்று அவர் முணுமுணுத்தார். அவள் அதற்கு மேல் காத்திருக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் விசாரணை அறையில் மேலாளர் நிதானமாக இருந்தார். கையில் கோப்பு, முகத்தில் வருத்தம் கலந்த புன்னகை. இந்தச் சகோதரி மேல் தனக்கு எந்த மனக்கசப்பும் இல்லை என்று தொடங்கினார். அப்போது அரசாங்க ஆய்வாளர் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் கொட்டினார். முப்பத்தேழில் இருந்து கழற்றிய லைனிங். விரல் நகம் அளவுக்குக்கூடக் கனம் மிச்சமில்லை. பக்கத்தில் ஸ்டோர் அக்கா, யாரும் கூப்பிடாமலே வந்து, கிடங்குச் சீட்டை வைத்தார். அதைக் கொண்டுவந்ததற்காகத் தன் வேலையும் போகலாம் என்று அவருக்குத் தெரியும். உட்காரச் சொன்னபோதும் நின்றுகொண்டே இருந்தார்.

மேலாளர் சீட்டைப் பார்த்தார். வழக்கமான பராமரிப்பு, எண்கள் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம் என்றார். ஐந்து பொருந்தி ஒன்று மட்டும் ஒரு இலக்கம் தவறுவதற்குத் தற்செயல் ரொம்ப உழைக்கவேண்டும் என்று குண்டூசி பின்னால் இருந்து சொன்னாள். ஆய்வாளர் அவளை அடக்கவில்லை.

மேலாளர் பரிசோதகியின் பக்கம் திரும்பினார்.

"எங்களுக்குப் பட்டியல் முன்னாடியே கிடைச்சுதுன்னு சொல்றீங்க. சரி. யார் குடுத்தாங்கம்மா? பேரைச் சொல்லுங்க."

அவள் சொல்ல மாட்டாள் என்பதில் அவருக்கு அத்தனை நம்பிக்கை இருந்தது. எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அவள் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர்" என்றாள்.

மேலாளரின் புன்னகை முதல்முறையாகத் தடுமாறியது. ஆய்வாளர் கணவர் எங்கே என்று கேட்டார். எங்கேயும் தேடவேண்டியிருக்கவில்லை. காலை பத்து மணியிலிருந்து வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தானாக உள்ளே வர அவருக்குத் துணிவு வரவில்லை. கூப்பிட்டதும் வந்து நின்றார். இந்தப் பட்டியலை மேலாளரிடம் கொடுத்தது நீங்களா என்ற கேள்விக்கு, ஆமாம் என்றார். எழுதித் தருவீர்களா என்று கேட்டதும் பேனாவை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. பணியிடை நீக்கத்தை அங்கேயே ரத்து செய்தார்கள். மேலாளரிடம் இருந்து சாவிகளை வாங்கிவைத்தார்கள். அறுபது லிஃப்டுகளையும் திறந்து பார்க்கும்வரை ஒன்றும் ஓடக்கூடாது என்று ஆய்வாளர் உத்தரவு எழுதினார். அவளையே உடன் வரச் சொன்னார்.

வாசல் படியில் கணவர் காத்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கி வந்ததும் ஓரடி முன்னால் வந்தார்.

"வீட்டுக்குப் போலாமா?"

ஆய்வாளரின் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டோர் அக்கா ஏற்கனவே பின் இருக்கையில் ஏறி, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போங்க" என்றாள். "மன்னிக்கணும்னு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் காலைல இருந்து ஜெபம் பண்றேன். இன்னும் வரல. வராததை வந்துடுச்சுன்னு எழுதிக் குடுக்க எனக்குப் பழக்கம் இல்ல."

அவர் அப்படியே நின்றார். அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.